இரண்டு பக்கமும் தேய்த்த புளியங்கொட்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு பீரோவின் உள்ளறையில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை கிடக்கிறது. சிமெண்டுத் தரையில் இரண்டு பக்கமும் வெளுக்கத் தேய்த்த கொட்டை. ஒரு பக்கத்தில் மையால் 20 என்று எழுதியது பாதி அழிந்துவிட்டது. மருமகள் இரண்டு தடவை அதைத் தூக்கிப் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அதைத் தேய்த்தவன் என் அண்ணன். தொண்ணூறுகளின் தொடக்கம், நாங்கள் அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஹாஸ்டலில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு ஒன்றை நோட்டில் எழுதிக்கொண்டு லீவுக்கு வந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் அரக்கர், கோட்டை என்று கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். அந்தப் பகடைக்கு நாங்கள் எங்கே போவது? இருபது புளியங்கொட்டைகளைத் தேய்த்து, எண் எழுதி, பவுடர் டப்பாவில் போட்டான் அண்ணன். பெரிய எண் வந்தால் பிழைத்தோம், சின்ன எண் வந்தால் தொலைந்தோம். கதை நடத்துகிறவன்தான் கையை விட்டு எடுக்க வேண்டுமாம். அதனால் எடுப்பவன் எப்போதும் அவன்தான்.

மாடி அறையில் மத்தியானங்களில் ஆடுவோம். எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினேழு. தம்பியின் வீரன் பெயர் புயல்வேந்தன். என்னுடைய வில்லாளி வேங்கையம்மாள். பேரைக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிளவக்கல் மலைக்குப் பின்னால் அரக்கர் கோட்டை. ஒரு கோடை லீவு முழுக்க வேங்கையம்மாளைப் பார்த்துப் பார்த்து அதன் வாசல்வரை கொண்டுவந்தேன். அங்கே ஓடையைத் தாண்டும்போது அவள் காலில் முள் குத்தியது. அண்ணன் டப்பாவில் கையை விட்டான். மூன்று. சீழ் வைத்தது. மறுபடி விட்டான். ஐந்து. காய்ச்சலில் செத்துப்போனாள்.

"முள்ளு குத்துனதுக்கா சாவா?" என்றேன்.

"கதைன்னாலும் நடப்பு வேணும்ட்டி. இவ வேங்கையம்மாள்னு முள்ளுக்குத் தெரியுமா?"

அழுதேன், ஆனால் ஒத்துக்கொண்டேன். முள்ளுக்கு யாரும் ஒன்றுதான் என்றால் எனக்கு அது சம்மதம். மறுநாளே புயல்வேந்தன் கோட்டை மதிலிலிருந்து மூன்று அரக்கர்களுக்கு நடுவில் குதித்தான். இருபது. அடுத்த வாரம் விஷத்தைக் குடித்தான். அதற்கும் இருபது. இது என்ன நடப்பு என்று கேட்டேன். "அவன் வீரன்ட்டி. வீரனுக்குன்னு ஒரு ராசி இருக்கும்லா" என்றான் அண்ணன்.

அந்த வருஷம்தான் எனக்குப் போலீஸ் வேலைக்கு ஓட்டமும் உயரமும் பார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஆறு மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிப் பழகியிருந்தேன். அப்பா கடிதத்தை அண்ணனிடம் நீட்டினார். வீட்டில் படித்த பிள்ளை அவன்தானே.

"நடப்பைப் பாக்கணும்ப்பா. ஆயிரம் பேரு வருவாக. இவ எம்புட்டு ஓடுனாலும் தேற மாட்டா. தோத்துட்டு வந்து நின்னா, பொறவு நாளைக்கு வர்ற மாப்ள வீட்டுல என்ன நெனைப்பாக?"

வேங்கையம்மாளைக் கொன்ற அதே குரல். நான் மைதானத்தில் நிற்க வேண்டிய காலையில் அடுக்களையில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி மிலிட்டரிக்கு ஆள் எடுத்தபோது இரண்டு தடவை ஓட முடியாமல் திரும்பி வந்தவன். மூன்றாம் தடவைக்கு அண்ணன் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, முட்டையும் பாலும் கொடுத்து, கூடவே ஓடி, திருச்சிவரை கூட்டிக்கொண்டு போனான். அங்கேயும் ஆயிரம் பேர்தான் வந்திருந்தார்கள். அப்போது யாரும் நடப்பைப் பார்க்கவில்லை. தம்பி தேறினான்.

அவன் ரயிலேறிய மறுநாள் மாடி அறையை ஒழித்தபோது பவுடர் டப்பாவைத் தரையில் கொட்டினேன். பத்தொன்பது கொட்டைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தவை. மறுபக்கம் வழவழவென்று புடைத்திருந்தது. ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் தேய்ந்து அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. எல்லாவற்றையும் டப்பாவில் அள்ளிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். மூன்று தடவையும் விரல் நேராக அதையே எடுத்து வந்தது. இருபது.

நிஜம்போல ஆடுவதா, வீரனுக்கு விலக்கு வைத்து ஆடுவதா என்று அண்ணன் ஹாஸ்டல் நண்பர்களோடு பக்கம் பக்கமாகக் கடிதத்தில் சண்டை போடுவான். எதுவானாலும் ஆடலாம். முள் எல்லோரையும் கொல்லட்டும், இல்லையா, ஒருவரையும் கொல்ல வேண்டாம். ஒரே டப்பாவுக்குள் கையை விட்டு எனக்கு நடப்பும் தம்பிக்கு ராசியும் எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பேர் களவாணித்தனம். அந்தக் கொட்டையை எடுத்து ஒளித்துக்கொண்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. அப்போது கேட்காத கோபம் என் மேலேயே இன்னும் தீரவில்லை.

போன மாதம் அண்ணன் வந்திருந்தான். இப்போது அவனுக்குச் சர்க்கரை, பார்வையும் மங்கல். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் படிக்கிற என் மருமகளைக் கூப்பிட்டு, "லட்சம் பேரு எழுதுவாகம்மா. நடப்பைப் பாக்கணும்" என்றான். நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் உள்ளங்கையில் கொட்டையை வைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கத்தைத் தடவியது, திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் தடவியது.

"இருவது" என்றான். சொன்ன பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒரே ஒரு தடவ இத எடுத்திருக்கலாம்லண்ணே."

அவன் கையிலிருந்து கொட்டையைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். கதவோரம் நின்ற மருமகளிடம், "நீ போயிப் படி தாயி" என்றேன்.