அறுத்து ஒட்டிய மேஜை

பழைய நாற்காலிக்கோ அலமாரிக்கோ நிறம் மாற்ற வேண்டுமென்றால், "பார்லர் அக்காகிட்ட குடுங்க" என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் விழிப்பார்கள். பார்லருக்கும் பீரோவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அவள் பல வருடம் ஒரு பியூட்டி பார்லரில் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவள். முதலாளியம்மா கடையை விற்றுவிட்டுப் போக, வேலை போயிற்று. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் ஒரு ஸ்டூல் வந்து சேர்ந்தது. அவளுடைய வீட்டுக்காரர் ஓட்டும் சரக்கு வண்டியில் யாரோ வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது. பச்சை பெயிண்ட் உரிந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது, மஞ்சளுக்கு அடியில் சிவப்பு. அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தவள், சோறு பொங்குவதையே மறந்துபோனாள்.

அப்படித்தான் தொழில் தொடங்கியது. வீட்டை ஒட்டியிருந்த தகர ஷெட்டில் உப்புத்தாள், சுரண்டி, பெயிண்ட் டப்பாக்கள், மரத்துக்குச் சாயமேற்றும் ஸ்டெயின் பாட்டில்கள் எல்லாம் வந்து குடியேறின. பார்லரில் கற்றதில் பாதிக்கு மேல் இங்கேயும் செல்லுபடியாயிற்று.

"பெயிண்ட்டுன்றது மேல உக்காந்துக்கும். ஸ்டெயின் உள்ள இறங்கும். உள்ள இறங்கறது எதுவா இருந்தாலும் முதல்ல கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல போட்டுப் பாத்துடணும். தலைமுடியும் அப்படித்தான், தட்டுமுட்டுச் சாமானும் அப்படித்தான்" என்பாள்.

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கே உரியது. எந்தச் சாமான் வந்தாலும் அன்றைக்கே வேலையில் இறங்கமாட்டாள். தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஆணியாகப் பார்ப்பாள். வண்டியிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர், "விசாரணைக் கமிஷன் உக்காந்தாச்சா? அப்ப நானே டீ போட்டுக்கறேன்" என்று உள்ளே போய்விடுவார்.

ஒரு பல் டாக்டர் அனுப்பிய சாப்பாட்டு மேஜையையும் அவள் அப்படித்தான் கவிழ்த்தாள்.

டாக்டர் தன் அம்மாவோடு புது வீட்டுக்குக் குடிபோகப்போகிறாள். அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பழைய வீட்டிலிருந்த வெள்ளை மேஜைக்குச் சாம்பல் கலந்த நீலம் அடித்துத் தரவேண்டும். அவ்வளவுதான் கேட்டது. "பழைய பெயிண்ட்டு தடிதடியா இருக்கு. சுரண்டிட்டு அடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

கவிழ்த்த மேஜையின் நடுவில், குறுக்குவாட்டில், தடித்த இரும்புப் பட்டைகள் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர், வாஷரைச் சுற்றிக் காய்ந்துபோன கறுப்பு கிரீஸ். தச்சர் யாரும் மேஜைக்கு கிரீஸ் வைப்பதில்லை. "இது லாரி வேலை மாதிரி இருக்கே" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நிமிர்த்திப் போட்டுப் பெயிண்ட் ரிமூவர் தடவினாள். வெள்ளை கொப்புளித்துக்கொண்டு வந்தது. அதற்கடியிலும் வெள்ளை, அதற்கடியிலும் வெள்ளை. வருஷத்துக்கு ஒரு நிறம் மாற்றும் உலகத்தில் யாரோ விடாமல் வெள்ளையே அடித்திருக்கிறார்கள். கடைசி வெள்ளையும் போனபோது, மேஜையின் நடுவில் ஒரு நேர்கோடு தெரிந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்த மக்கு வைத்து அடைத்த கோடு.

இரண்டு மேஜைகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மரத்தின் வரிகளைப் பார்த்தாள். இந்தப் பக்கம் வளைந்து போன வரி, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் அதே வளைவில் தொடர்ந்தது. ஆக இது ஒரே மேஜை. யாரோ ரம்பத்தால் சரிபாதியாக அறுத்து, பிறகு யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் கவிழ்த்து, அடிப்பக்கத்து வெள்ளையையும் சுரண்டினாள். ஒரு பாதியில், வெட்டு விளிம்பை ஒட்டி, கூடுதலாக இரண்டு கால்கள் பூட்டியிருந்த ஓட்டைகள். இன்னொரு பாதியில் கால் பூட்டிய அடையாளம் இல்லை. விளிம்பு நெடுக ஆணி அடித்த தடம், அதில் ஒட்டிய சுண்ணாம்புப் பொருக்கு. ஒரு பாதி தனிக்காலில் நின்றிருக்கிறது, இன்னொரு பாதி சுவரோடு சாய்ந்து இருந்திருக்கிறது. அறுத்த உடனே ஒட்டவில்லை. நடுவில் கொஞ்ச காலம் இரண்டும் இரண்டு இடத்தில் வாழ்ந்திருக்கின்றன.

டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டரம்மா, உங்க வீட்டுல மெக்கானிக் வேலை பாத்தவங்க யாராவது இருந்தாங்களா?"

"எங்கப்பாதான். பஸ் டிப்போல. ஏன் கேக்கறீங்க?"

"மேஜையை யாரோ அறுத்திருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"அறுத்திருக்காங்களா? நான் சின்ன வயசுலேர்ந்து அதுலதான் சாப்பிடறேன், படிக்கறேன். எனக்குத் தெரியாம எப்படி? இருங்க, அம்மாவைக் கேக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் பார்லர் அக்காவுக்குத் தான் செய்தது உறைத்தது. நிறம் அடிக்கக் கொடுத்ததை அடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பது போல ஆகிவிட்டதே என்று வீட்டுக்காரரிடம் புலம்பினாள். "திறந்தாச்சுல்ல. இனிமே வாசனை வரத்தான் செய்யும்" என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம் டாக்டரின் அம்மா தனியாக வந்தார். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம், தோளில் ஒரு தோல் பை. ஷெட் வாசலில் நின்று, "சுரண்டச் சொன்னது யாரு?" என்றார்.

"டாக்டரம்மாதான்… ஆனா தோண்டித் துருவிக் கேட்டது நான்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த அம்மா உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். அந்த நேர்கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக்கொண்டே போனார்.

"நேரா அறுத்திருக்காரு, பாத்தீங்களா?" என்றார். "நான்தான் அந்தப் பக்கம் ஆடாம பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

பார்லர் அக்கா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்று தெரிந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி. பெரிய சண்டை ஒண்ணும் இல்லம்மா. பேச்சே நின்னு போச்சு, அதுதான். நான் நைட் டியூட்டி போயிட்டு வருவேன், அவரு காலைல கிளம்பிடுவாரு. ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்தே முடிவு பண்ணோம், தனித்தனியா இருந்துக்கலாம்னு. பாத்திரம் பிரிச்சோம், போர்வை பிரிச்சோம். எல்லாம் சுமுகமாத்தான் நடந்துச்சு. மேஜைல வந்து மாட்டிக்கிட்டோம். எனக்கும் வேணும், அவருக்கும் வேணும். மறுநாள் டிப்போலேர்ந்து ரம்பத்தோட வந்துட்டாரு."

"விளையாட்டுக்கா?"

"ரெண்டு பேரும் சிரிக்கவே இல்ல. சிரிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

கணவர் தன் பாதியை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறைக்குப் போனார். மனைவி தன் பாதியைச் சமையலறைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைவண்டியில் பாதி மேஜையோடு அவர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"'இது ரொம்ப ஆடுது. அந்தப் பாதி இருக்கான்னு பாக்க வந்தேன்'னாரு. அவ்வளவுதான். நான் கதவை நல்லாத் திறந்து விட்டேன். அன்னைக்கே பட்டை வெச்சு முடுக்கி, யாரும் கேக்கக்கூடாதுன்னு வெள்ளையும் அடிச்சுட்டாரு. அப்புறம் கொஞ்சம் பெயிண்ட் உரிஞ்சாலும் போதும், டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுவாரு."

"அந்த ஒரு வருஷம் எப்படி இருந்தாருன்னு…"

"நான் கேக்கல. அவரும் சொல்லல. கேட்டா மறுபடியும் ஏதாவது ஆரம்பிச்சுடுமோன்னு பயம். அப்படியே வருஷம் போயிடுச்சு."

பார்லர் அக்கா மேஜையின் மறுபக்கம் போய், "இந்தப் பக்கம் வந்து பாக்கறீங்களா?" என்றாள்.

கால் பூட்டிய தடம் இருந்த, கணவர் கொண்டுபோன பாதியில் ஒரு ஈரத்துணியை ஓட்டினாள். நனைந்த மரத்தில் மறைந்திருந்ததெல்லாம் எழுந்து வந்தது. நடுவில் இஸ்திரிப் பெட்டியின் கருகிய அச்சு, முக்கோணமாக. அதைச் சுற்றிக் கத்திக் கீறல்கள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை.

அந்த அம்மா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "இடது கை" என்றார். "வெங்காயமாத்தான் இருக்கும். என்கிட்ட இருந்தவரைக்கும் கத்தியைத் தொட்டதில்ல." இஸ்திரி அச்சைத் தடவினார். "அப்ப சட்டையெல்லாம் தானே தேச்சுக்கிட்டிருக்காரு. திரும்பி வந்தப்புறம் தேக்கத் தெரியாதுன்னு என் தலைல கட்டினாரு பாருங்க, காலம் பூரா." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தார்.

விளிம்போரம் குவளை வைத்த வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, லேசாக இருந்தன. கணவர் உட்கார்ந்த இடம் அது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் வேறொரு வட்டம் இருந்தது. ஒற்றை வட்டம். அதுதான் எல்லாவற்றிலும் கறுப்பு.

"அடி எனாமல் பெயர்ந்த குவளையா இருந்தா இரும்பு மரத்துல இறங்கி இப்படிக் கறுப்பாயிடும்" என்றாள் பார்லர் அக்கா. "ஆனா எதிர்ல இருக்கு."

"யாரோ வந்து போயிருக்காங்க."

"டிப்போ ஆளுங்களா இருக்கும்."

"இருக்கும்" என்றார் அந்த அம்மா. அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

ஸ்டெயின் போட்டால் எப்படி வரும் என்று ஒவ்வொரு பாதியின் ஓரத்திலும் பார்லர் அக்கா தொட்டுக் காட்டினாள். சமையலறைப் பாதி அளவாகக் குடித்தது. அறைப் பாதி காய்ந்து கிடந்த மரம். தண்ணீரைக் கண்டது போல உறிஞ்சிக் கன்னங்கரேல் என்றாகிவிட்டது. ஒரே மரம், ஒரே பாட்டில், இரண்டு நிறம். நீலம் அடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று இவள் சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மாவே முந்திக்கொண்டார்.

"மேல ஒண்ணும் பூசாதீங்க. உள்ளது தெரியற மாதிரி என்ன போடுவீங்களோ அதைப் போடுங்க."

"டாக்டரம்மா நீலம் கேட்டாங்களே."

"காலுக்கு அடிச்சுக் குடுங்க. காலு அவளுக்கு."

ஸ்டெயின் தொட்ட ஓரங்களை இழைத்து எடுத்து, உப்புத்தாளைப் பட்டும் படாமலும் ஓட்டி, நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாகப் பல முறை கொடுத்தாள். மக்கைப் புதுப்பிக்கவா வேண்டாமா என்று யோசித்து, தூசி சேராத அளவுக்கு மட்டும் அடைத்தாள். கால்களுக்குச் சாம்பல் நீலம். பார்த்தால் வினோதமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர்கூட, "முகத்தைக் கழுவிட்டுக் காலுக்கு மட்டும் மேக்கப் போட்டிருக்க" என்றார்.

மேஜையைப் புது வீட்டில் இறக்கிய அன்று அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் தாய்மாமா. அந்த அம்மாவின் ஒரே தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அக்கா வீட்டுக்காரர் பிரிந்து போன அந்த வருஷம், இனி அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். டாக்டர் பார்லர் அக்காவின் காதருகே வந்து, "அம்மா மூணு நாளா டிப்போல அந்தக் காலத்துல வேலை பாத்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுட்டாங்க" என்றாள். "யாரும் அந்த ரூமுக்குப் போனதில்லையாம். இப்போ மாமாவைப் பிடிச்சுக் கொண்டுவந்திருக்காங்க."

மேஜையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்கள். அந்த அம்மா தம்பியின் கையைப் பிடித்து அழைத்துவந்து கறுப்பு வட்டத்தைக் காட்டினார்.

"இது யாருடா?"

வாத்தியார் பார்த்தார். மறுக்கத்தான் வாயெடுத்திருக்க வேண்டும். கத்திக் கீறல்களையும் இஸ்திரி அச்சையும் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாரா வாரம் போவேன்" என்றார்.

"எதுக்கு?"

"திட்டறதுக்குத்தான். வேற எதுக்கு? என் அக்காவை இப்படி விட்டுட்டு வந்துட்டியேன்னு நல்லாத் திட்டுவேன். அவரு பேசாம எனக்கு டீ போட்டு எதிர்ல வெப்பாரு. உன் டீ எவனுக்கு வேணும்னு நான் தொடவே மாட்டேன். திட்டி முடிச்சுட்டுக் கிளம்பி வந்துடுவேன்."

"டீ?"

"அப்படியே இருக்கும். அடுத்த வாரம் போனாக்கூட அந்தக் குவளை அதே இடத்துல இருக்கும். கழுவி வெச்சிருப்பாரா, அப்படியே விட்டிருப்பாரா, நான் எட்டிப் பாத்ததில்ல."

பார்லர் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. குடித்துவிட்டு எடுத்துப்போகிற குவளைக்கு லேசான வட்டம்தான் விழும். தொடாமல் விட்ட குவளைதான் மரத்துக்குள் இறங்கும்.

"ஒரு வாரமாவது குடிச்சிருக்கலாமேடா" என்றார் அந்த அம்மா.

"கடைசி வாரம் குடிச்சேன். குடிச்சுட்டு, 'பாதி மேஜையை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க, கொண்டு போய் சேருங்க'ன்னு சொன்னேன். அதுக்கும் பதில் சொல்லல."

அந்த அம்மா நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அறை எப்படி இருந்தது, ஜன்னல் இருந்ததா, என்ன சமைப்பார், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். வாத்தியாரும் நினைவிருந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், மெதுவாக அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பார்லர் அக்காவுக்கும் உட்கார்ந்து கேட்க ஆசைதான். ஆனால் கீழே வண்டியில் ஹாரன் அடித்தது. வழியில் இன்னொரு வீட்டில் ஒரு கட்டிலை ஏற்ற வேண்டியிருந்தது. அவள் சொல்லிக்கொள்ளாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.