ஒழுகாத கைப்பிடிகள்

என் மனைவியின் தம்பி கடலுக்குள் மீனைப் போட்டோ பிடிக்கிறவன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யார் நம்புவார்கள்? கடலே இல்லாத ஊர் எங்களுடையது. மலையைச் சுற்றி எவ்வளவு நடந்தாலும் கால்தான் வலிக்கும், அலை வராது.

அவன் பாண்டிச்சேரியில் ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சிலிண்டரைக் கழுவிக்கொடுக்கிற வேலை. அப்புறம் அவனே முங்கப் பழகினான். முதலாளி தன் பழைய டிஜிட்டல் கேமராவை, தண்ணீர் புகாத பெட்டியோடு, கையில் கொடுத்தார். அவ்வளவுதான், 'அண்டர்வாட்டர் போட்டோகிராபர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டான். ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன சமயம். அப்போது விசிட்டிங் கார்டு இல்லாத வேலையை யாரும் வேலையாகவே மதிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் வைக்கிற ஒருவர் வீட்டில் பெண் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு இவனைப் பிடித்துவிட்டது. இவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்குத்தான் தொண்டையில் முள்.

“கடலுக்குள்ள போட்டோவா? இன்னா, மீனுங்க கல்யாணம் காட்சி பண்ணுதா?” என்றார்.

மச்சான் தன் படங்களை நீட்டினான். எல்லாம் ஆடிப்போன படம்.

“தம்பி, இது மீனா, அலசிப் போட்ட லுங்கியா?”

கூடம் சிரித்தது. அவர் என்னைப் பார்த்து, “தை பொறக்கறதுக்குள்ள என் கண்ணு முன்னாடி தெளிவா ஒண்ணு எடுத்துக் காட்டச் சொல்லுங்க. இல்லன்னா லாரி வெச்சிருக்கிற ஒருத்தர் கேட்டுட்டிருக்கார். லாரி ஆடினாலும் கண்ணுக்குத் தெரியும்” என்றார். அவர் கண் முன்னால் கடல் ஏது? தட்டிக்கழிக்கத்தான் சொன்னார்.

ஆனால் திண்டில் சாய்ந்திருந்த அவர் தம்பி வாய் திறந்தார். “கெணறு இருக்கே அண்ணே.”

அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆனது. “அதுல சேறு, பாம்பு. எதுக்கு வம்பு?”

“கெணத்துல பாதி எனக்கு. போட்டோ புடிக்கிற தம்பி என் பாதியில எறங்கட்டும்.”

அந்த அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்ததிலிருந்தே புகைச்சல். அவர்கள் அப்பா பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒன்று பாகப்பிரிவினை சமயத்தில் காணாமல் போனது. தம்பி மனைவி தாய்வீட்டுக்குக் கடத்திவிட்டாள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தம்மா அன்றைக்கும் வாசற்படி தாண்டாமல், வெளியே முருங்கை மரத்தடியில்தான் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் என் காலைப் பிடித்தான். “மாமா, தண்ணிக்குள்ள கேமராவை ஒத்தக் கையில புடிச்சா ஆடத்தான் ஆடும். நடுவுல கேமராவை முடுக்க ஒரு பலகை, ரெண்டு பக்கமும் கைப்பிடி, அவ்ளோதான். வெளிநாட்டுல செஞ்சது வாங்கினா கன்னுக்குட்டியோட ஒரு மாடு வாங்கற விலை. நீங்க பைப்காரர்தானே?”

நான் பைப்காரன்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வேங்கிக்காலில் முளைத்த புது வீடுகளில் பாதிக்கு நான்தான் பைப் போட்டவன். நான் ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. சாமிக்கு அடுத்தபடி எனக்குப் பெருமை அதில்தான்.

பலகைக்கு, என் மனைவிக்கு யாரோ சீராகக் கொடுத்த வெள்ளை பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகையை எடுத்தேன். அருவாமனை இருக்கிற வீட்டில் அது தெண்டமாகக் கிடந்தது. நடுவில் ஓட்டை போட்டு, துருப்பிடிக்காத போல்ட்டால் கேமரா பெட்டியை அடியிலிருந்து முடுக்கினேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப்பை நட்டேன். வழுக்காமல் இருக்க சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றினேன். மேலும் கீழும் மூடி, மூடிக்குப் பசை, பசைக்கு மேல் பசை. வாஷர் போட்டு முடுக்கினேன். எறும்பு மூச்சு விடக்கூட வழியில்லை.

மனைவி மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் பௌர்ணமிக்கு அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிரிவலம் போனேன். எட்டு லிங்கத்துக்கும் காட்டி, “பையனுக்குப் பொண்ணு அமையணும், படம் ஆடக் கூடாது” என்று வேண்டிக்கொண்டேன். கோவணம் கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், பைக்குள் சாமி இருக்கிறதென்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மச்சான் பாண்டிக்குப் போய் ஒரு சிலிண்டரை இரவல் வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தான்.

“கேஸ் சிலிண்டரா? எறங்குய்யா” என்றாராம் கண்டக்டர்.

“இதுல வெறும் காத்துதாங்க.”

“காத்தையா பாண்டியிலேர்ந்து சுமந்துட்டு வர? எங்க ஊர்ல கம்மியா?”

மழை முடிந்து கிணறு தெளிந்து கிடந்தது. ஊரே விளிம்பில் நின்றது. மச்சான் முகமூடி போட்டு, சிலிண்டர் கட்டி, தவளை மாதிரி பாதம் மாட்டிக்கொண்டு இறங்கினான். பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு சளக்கென்று என் பலகை கேமராவோடு மேலே கிளம்பி வந்து மிதந்தது. பின்னாலேயே மச்சான் தலை.

“மேலயே இழுக்குது மாமா. அமுக்கிப் புடிக்கிறதுலயே கை நடுங்குது.”

பெண்ணின் அப்பாவுக்கு உயிர் வந்தது. “இன்னாங்க பைப்காரரே, கேமரா தட்டுன்னு சொல்லிட்டு தெப்பம் கட்டிட்டீங்களா? சாமியை ஏத்தி ஒரு சுத்து விடுங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒழுகக் கூடாது என்று நான் அடைத்தது காற்றையல்லவா? தண்ணீர் உள்ளே போனால்தான் அது அடங்கும். பைப்பில் ஓட்டை போட வேண்டும். என் கையால்! எந்த வீட்டுக்காரன் கேட்டிருந்தாலும் செருப்பால் அடித்திருப்பேன்.

“ஓட்டை போடணும், கம்பி காய்ச்சணும்” என்று சொல்லிவிட்டு அடுப்பு தேடித் திரும்பினேன். அதற்குள் பெண் வீட்டுக்கு ஓடிப்போய், சிவக்கக் காய்ந்த கம்பியைத் துணி சுற்றி எடுத்துவந்தாள். “நெறயப் போடுங்க அண்ணே. மறுபடி மெதக்கக் கூடாது” என்றாள். மேலும் கீழும் குத்திக் குத்திச் சல்லடையாக்கினேன். பிளாஸ்டிக் புகையில் கண் எரிந்தது. பெருமை எரிந்ததும் அதோடு சேர்த்திதான்.

“அடிக்குப் போக வேணாம் தம்பி, மேலயே எடுத்தா போதும்” என்று பெண்ணின் அப்பா இரண்டு தரம் சொன்னார். மச்சானுக்கு இப்போது வீறாப்பு. இந்த முறை பலகை சமர்த்தாக அவனோடு மூழ்கியது. குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது.

ஏறிவந்து, துடைத்து, கேமராவின் குட்டித் திரையில் காட்டினான். கெளுத்தி மீன், மீசை உள்பட தெளிவு. படிக்கல் பாசி தெளிவு. மூன்றாவது, சேற்றில் பாதி புதைந்த ஒரு அண்டா. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், எழுத்துக்கு எழுத்து தெளிவு. அண்டாவுக்குள் இரண்டு கருங்கல். பாரம் வைத்தால்தானே அண்டா அசையாமல் கிடக்கும்? எனக்குத் தெரியாத சூட்சுமம் பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

தம்பி மனைவி முன்னால் வந்து குனிந்து பார்த்தது. மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், நேராகப் பேசுகிற வழக்கமில்லையே, புருஷனிடம் சொன்னது: “ஏங்க, எங்கம்மா வீடு கெணத்துக்குள்ளயா இருக்குதுன்னு கேளுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிவனின் அடியைத் தேடிப் போன பெருமாள் 'காணலை' என்று வந்து ஒத்துக்கொண்டார். முடியைக் கண்டேன் என்று பொய் சொன்ன பிரம்மாவுக்குக் கோயிலே இல்லை. இந்த மலையைப் பார்த்தபடியே வளர்ந்து, தினம் பட்டையாகத் திருநீறு பூசுகிறவர், அண்டாவை அடிக்கு அனுப்பிவிட்டு ஒரு பெண்பிள்ளையைத் திருடி ஆக்கியிருக்கிறார்.

தெளிவாக எடுத்தால் பெண் என்றார். இவ்வளவு தெளிவாக எடுத்தால் யார் கொடுப்பார்கள்?

பெண் மட்டும் அசையவில்லை. “படம் தெளிவா இருக்குதாப்பா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் மீனும் இருந்தது, அண்டாவும் இருந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதுவரை 'தம்பி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், மச்சானின் ஈரத் தோளைத் தொட்டு, காதோடு சொன்னார்.

“அந்த ஒண்ணை மட்டும் அழிச்சுடுங்க மாப்ள.”

“அழிச்சுட்டேன் மாமா” என்றான் மச்சான். அழித்தானா என்று நான் கேட்டதில்லை.

தையில் கல்யாணம். அண்டாவை மேலே எடுத்தாயிற்று. தம்பி மனைவியே புளி போட்டு, பெயர் பளபளக்கத் தேய்த்தது. சம்பந்தி வீட்டுச் சாம்பார் அதில்தான் கொதித்தது. யாரையும் பரிமாற விடாமல், முதல் பந்தியில் மூத்தார் இலை முன்னால் அந்தம்மாவே கரண்டியோடு நின்றது. அவர் போதும் போதும் என்று கையால் மறைக்கிறார், அது ஊற்றிக்கொண்டே இருக்கிறது.