மனிதப் பல்லுக்கு மட்டும்

முதல் நோயாளியின் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது முருகேசன் போன் செய்தார். மலையிலிருந்து குதிரையில் ஏலக்காய் மூட்டை இறக்குபவர் அவர். "டாக்டரம்மா, நம்ம பேச்சியம்மா போயிட்டாகம்மா. நெஞ்சு வலின்னாக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். பஞ்சை எடுக்க மறந்து நின்றேன்.

போடி கால்நடை மருந்தகத்தில் டாக்டர் பேச்சியம்மாளிடம் திட்டு வாங்காதவர் உங்களில் இருந்தால் கை தூக்கலாம். அடுத்த தெருவில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் எனக்கு அவள் தோழி. வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம். ஊர்ப் பெயரே போடி, இதில் என்ன மரியாதைக் குறைவு என்பாள்.

ஒரு ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் முருகேசன் தன் குதிரையை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பலகையில் 'பல்' என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா? குதிரை தீனியைச் சவைத்துச் சவைத்துக் கீழே தள்ளியது. விலா எலும்பு தெரிந்தது. அவர் வீட்டில் உலை வைப்பது அந்த ஒரு குதிரையால். பேச்சி மதுரைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

"சந்தையில ஒருத்தர் அரம் போட்டு ராவி விடுறேங்கிறாரும்மா. அவருக்கு நீங்க தேவலையில்ல?" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. இது எனக்குத் தெரியாத வேலையா என்ற நினைப்பு வந்தது. இருந்தாலும் அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"கை வச்சிராதடி. பதிவு பண்ணின கால்நடை டாக்டர் தவிர யாரும் செய்யக் கூடாது, அதான் சட்டம். சந்தைக்காரனும் சரி, நீயும் சரி. ஒன் பட்டம் மனுசப் பல்லுக்கு மட்டும்."

"குதிரை பட்டினி கிடக்குடி. சட்டமா தீனி போடும்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மயக்க ஊசி எம்புட்டுப் போடணும்னு ஒனக்குத் தெரியுமா? தவிட்டைக் கரைச்சு வையி. வெரசா வந்துர்றேன்."

சாயங்காலம் பஸ்சை விட்டு இறங்கி நேரே வந்தாள். ஊசி போட்டு, குதிரையின் வாய்க்குள் கையை விட்டுத் தடவி, ஒரு பல்லைக் காட்டினாள். வேரோடு ஆடிக்கொண்டிருந்தது. நான் ராவியிருந்தால் உடைந்திருக்கும். அதைப் பிறகு ஒருநாளும் அவள் சொல்லிக் காட்டவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் குதிரை மறுபடி மலையேறியது.

அவளுக்கே பல்வலி வந்ததும் நினைவிருக்கிறது. குதிரை வாயில் முழங்கை வரை விட்டவள், என் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எனக்கும் மயக்க ஊசி போட்ருடி" என்றாள். சிரிப்பு அடங்கத்தான் எனக்கு நேரமாயிற்று.

அவள் ஊரான சிலமலையில் காரியம் முடிந்து திரும்பும்போது முருகேசன் அருகில் வந்தார். இன்னொரு குதிரை வாங்கியிருக்கிறார். அது தீனி எடுக்கவில்லை. "இனிமே நீங்கதாம்மா. எப்பவும் கூட நின்னு பாத்தவுகதான?"

உண்மைதான். அதற்குப் பிறகு பேச்சி குதிரைக்குப் பல் பார்த்தபோதெல்லாம் நானும் கூட நின்றிருக்கிறேன். என் கைக்கு இப்போது அந்த வேலை தெரியும். பேச்சியின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

"மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அங்கேயே நின்று தேனிக்குப் போன் போட்டு ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். மறுநாள் வருவதாகச் சொன்னார். குதிரையைப் பார்க்க முருகேசனோடு ஜீப்பில் ஏறினேன்.

மாட்டேன் என்று யாரும் சொல்லலாம். சொன்ன பிறகு கிளம்பிப் போய்விடாமல் இருப்பதுதான் பாடு. பேச்சி விட்டுப்போனதில் என் பங்கு அது. அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை. அவள்தான் வேண்டும்.