இருபத்தொன்பதாம் நாள் வருகிறவர்

கைவிடப்பட்ட வண்டிகளை நிறுத்திவைக்கும் கொட்டகையை என் தங்கை பதினோரு வருடமாக நடத்துகிறாள். நாற்பத்திரண்டு வண்டி நிற்கிற இடம். வண்டிச் சட்டம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, வக்கீல்களே போன் போட்டுக் கேட்கிறார்கள்.

அவளையும் ஒருவர் ஆட்டி வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய பழைய வேன் வாசலை ஒட்டி நின்றது. தீயணைப்பு வண்டி நுழைய அந்த இடம் காலியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் கொட்டகையின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று உரிமம் தரும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே தள்ளவும் இடமில்லை.

முப்பது நாள் தொடர்ந்து உரிமையாளர் எட்டிப்பார்க்காவிட்டால், பதிவுத் தபால் அனுப்பி, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றி விற்றுவிடலாம். இவரோ சரியாக இருபத்தொன்பதாம் நாள் வருவார். வேனைத் திறந்து ஒரு குடையை எடுப்பார். அடுத்த முறை ஒற்றைச் செருப்பு. வருகை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

வாடகையாவது ஏறுமா? மொத்த வாடகை வண்டி மதிப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அந்த ஓட்டை வேனுக்கு நாலாம் மாதமே பாதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓசி.

"நோட்டை ஒளிச்சு வச்சிடுடி" என்றேன்.

"வந்தவர வரலைன்னு எழுதச் சொல்றியா? போக்கா."

"அப்ப கேட்டப் பூட்டு."

"சொந்த வண்டியப் பாக்க வர்றவர எப்படிக்கா தடுக்கறது?"

அன்று சாப்பிடும்போதும் விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். திடீரென்று எழுந்து கை கழுவிவிட்டு, வாளியும் துணியுமாகக் கிளம்பினாள். மூன்று நாள் அந்த வேனைத் தேய்த்தாள். சக்கரத்துக்குக் காற்றடித்தாள், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயம். நாலாம் நாள் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டாள். அவர் சுற்றிச் சுற்றி வந்து, பழைய மதிப்பை அடித்துவிட்டு மூன்று மடங்கு எழுதினார்.

மதிப்பு உயர்ந்தால் பாதியும் உயரும்தானே! நின்றிருந்த வாடகை அன்றைக்கே மறுபடி ஓட ஆரம்பித்தது.

அடுத்த இருபத்தொன்பதாம் நாள் கண்ணாடிக்கடைக்காரர் இன்னொரு செருப்புக்காக வந்தார். பளபளக்கிற வேனைப் பார்த்ததும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருங்க கழுவச் சொன்னது?"

"விதிதான் சார். ஒப்படைச்ச பொருளப் பத்திரமா வச்சுக்கணும்னு இருக்கு. கழுவுனதுக்குக் காசு வேணாம். வாடகை மட்டும் தினம் ஏறுது."

"எது வரைக்கும்?"

"புது மதிப்புல பாதி வரைக்கும். இன்னும் ஏழெட்டு மாசம் ஆகும்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். முகம் சுருங்கிச் சுண்டைக்காயாகிவிட்டது. இவள் இருக்கையை இழுத்துப் போட்டு, உட்காருங்க சார் என்று தண்ணீர் கொடுத்தாள். அவர் பாக்கி முழுவதையும் கட்டி, சாவியைப் போட்டார். முதல் முறையிலேயே வண்டி கிளம்பியது, அவருக்கே ஆச்சரியம்.

வாசலில் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"வீட்ல இன்னொரு வண்டியும் சும்மா நிக்குதும்மா. கொண்டுவந்து விட்டா இதே மாதிரி கழுவுவீங்களா?"

வேனின் பின்சக்கரம் வாசலைத் தாண்டியதும் தங்கை கேட்டை இழுத்துச் சாத்தினாள்.