சோடினைத் தெரிவுகள்

விண்ணப்பம் நிரப்பப் பிள்ளையோடு வந்த தகப்பன் நீட்டிய தாளை மரியாதையாக வாங்கி விசைப்பலகைக்கு அடியில் சொருகிவிட்டு, ஸ்ரீஸ்கந்தராசா கதிரையைப் பிள்ளையின் பக்கம் திருப்புகிறார்.

"நீர் சொல்லும். முதலாவது என்ன?"

தாளில் பல்கலைக்கழகப் பாடநெறிகள் இலக்கமிட்டு வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. சிலவற்றின் கீழே சிவப்புக் கோடும் உண்டு. எழுதியவர் பக்கத்திலேயே நிற்கிறார். எல்லாம் அதில்தானே கிடக்கிறது என்கிறார்.

"கிடக்கட்டும் ஐயா. கம்பஸுக்குப் போறது தாள் இல்லைத்தானே."

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அவருடைய கடை. வருடம் முழுவதும் போட்டோ கொப்பியும் லமினேட்டும் கைபேசி றீலோட்டும். உயர்தரப் பெறுபேறு வந்த பின் சில வாரங்களுக்கு மட்டும் பல்கலைக்கழக விண்ணப்பம். ரயில் கடக்கும்போது அவர் இரு கைகளையும் விசைகளிலிருந்து தூக்கி மார்பளவில் வைத்துக்கொள்வார். மேசை நடுங்கிப் பாடநெறி இலக்கம் மாறி விழுந்துவிடுமாம். அப்படி விழுந்ததை யாரும் கண்டதில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனைகள். ஒன்று எழுதாது. அது, பேனை இரவல் கேட்பவர்களுக்கு.

ஒவ்வொரு பாடநெறிக்கும் எட்ட வேண்டிய வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக அவருக்கு மனப்பாடம். கேட்காமல் சொல்லமாட்டார். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் கேளாமலே சொல்வார்: வரிசையை மேலிருந்து கீழே பார்ப்பார்கள், புள்ளி எட்டுகிற முதலாவது பாடநெறியைத் தருவார்கள், அதற்குக் கீழே எழுதியதெல்லாம் எழுதாததுதான். பெற்றோர் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, மருத்துவத்தையும் அதன் அயலட்டையையும் மேலே போடச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், மெடிசின்தான் முதலில் போட்டது என்று சொல்ல வேண்டும். அலங்காரத்துக்கு மட்டும் கட்டுகிற இவற்றை ஸ்ரீஸ்கந்தராசா சோடினைத் தெரிவுகள் என்கிறார்.

முந்திய வருடம் கனகசபாபதி என்ற வங்கி உத்தியோகத்தர் தம் மகன் ராகுலனுக்கு இப்படிப் பன்னிரண்டு சோடினைகளைக் கட்டினார். பையன் விரும்பிய சட்டம் பதின்மூன்றாவது. பன்னிரண்டில் ஒன்றும் எட்டாது என்பது தகப்பனின் கணக்கு. பதினோராவது எட்டிவிட்டது. மரக்கறி தவிர வேறெதுவும் அடுப்பேறாத வீட்டுப் பிள்ளை, இப்போது தூரத்து வளாகம் ஒன்றில் மீன்பிடியியல் படிக்கிறான்.

"பொடியன் தன்ர வாயாலதான் சொன்னவன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஆனா கதைச்சது தகப்பன்."

பிள்ளையின் வாயால் கேட்டு அடிக்கும் தம் முறையின் ஓட்டையை அவர் அறிந்திருக்கிறார் என்பதற்காக இதைக் குறிக்கிறேன். பாராட்டுவதற்கு இல்லை. மற்றவர் பிள்ளையின் சுதந்திரத்தைக் காப்பது அவ்வளவு கடினமல்ல. நாம் இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் உயிரியல் பிரிவில் மூன்று தடவை பரீட்சை எழுதியவர். மூன்றாவதன் பெறுபேற்றை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வருடம் அவருடைய மகள் மயூரியின் முறை. அவளும் பயோ. மருத்துவத்துக்குப் புள்ளி போதாது. விஞ்ஞானப் பட்டம் ஒன்றுக்குப் போதும். அவள் கேட்டதோ மொழிபெயர்ப்புக் கற்கைகள். அதை எந்தப் பிரிவில் படித்தவர்களும் கேட்கலாம். கடைக்கு வரும் சிங்களக் கடிதங்களை அயலவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். அதற்கு ஒரு பட்டம் இருக்கிறது என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். தகப்பன் பிடித்துக்கொண்டது விஞ்ஞானத்தை. இரண்டு வருடம் தவளையும் பூவும் வெட்டிப் படித்ததை ஒரு நாளில் கைவிடுவதா என்பது அவருடைய கேள்வி. வீட்டில் ஒரு வாரம் இதைப் பற்றிக் கதைக்காமலே சாப்பிட்டார்களாம்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னர், அடையாள அட்டைப் பிரதிக்காக நான் கடையில் நின்றபோது மயூரி வந்து, விண்ணப்பம் போட வரும் மற்றப் பிள்ளைகள் இருக்கும் கதிரையில் இருந்தாள். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"முதலாவது என்ன?"

அவள் சொன்னாள். அவர் விரல்கள் அசையவில்லை. ரயிலும் வரவில்லை.

"முதல்ல சயன்ஸைப் போடுவம் பிள்ளை. இதை ரெண்டாவதாப் போடலாம்."

"ரெண்டாவதாப் போட்டா அது போடாத மாதிரித்தானே அப்பா. நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு விசைகளில் அடித்தார். மயூரி எட்டிப் பார்த்து, சத்தத்தை உயர்த்தாமல், தான் அதைச் சொல்லவில்லை என்றாள். விஞ்ஞானப் பாடநெறியின் இலக்கம் முதலாவது கட்டத்தில் இருந்தது. அவர் அதை அழித்தார். மறுபடி அடித்தார். மறுபடி அதே இலக்கம். இரண்டாம் முறை அழித்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. தம்முடைய கையைத் தாமே பிடித்த ஒருவரின் வெட்கம் இருந்தது.

எழுந்து, விண்ணப்பக் கைந்நூலை மூடி மகளிடம் கொடுத்தார். எதிர்ப்பக்கம் ஷிஹானின் கடை. தொழிலில் போட்டிக்காரர்.

"அங்க போய் அடிப்பி. என்ர கை சொல்வழி கேக்குதில்லை."

அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள். அவர் என் அடையாள அட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துத் தந்தார். மறுபக்கத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. மகளுக்கு வழிவிட்டாரா, அவள் எடுக்கும் முடிவிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டாரா என்று நான் யோசித்தேன். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அரை மணி நேரத்தில் மயூரி அச்சிட்ட விண்ணப்பத்தோடு திரும்பி வந்தாள். ஷிஹானின் கொப்பி மெஷின் பழுதாம். பதிவுத் தபாலில் போடுமுன் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். தெரிவு வரிசை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தாள்களை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வாங்கி, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கவிழ்த்துவைத்தார். பிரதிகள் எழுத்து மேலே தெரியும்படி தட்டில் வந்து விழுந்தன. அவர் அவற்றைப் பார்க்காமலே, பக்கத்தில் கிடந்த தாள்கட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளை உருவி மேலே வைத்தார். பிறகு, விளிம்புகளை மட்டும் பெருவிரலால் தள்ளித் தள்ளி, பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணினார்.