பூனைக்கு டயாலிசிஸ் பார்த்த மூன்று நாள்

எங்களுக்குப் போர்வெல் போடுகிற தொழில். லாரி ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும், இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டை மண்ணில் விடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அகலமான போசியில் பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப ஊற்றிவிடுவோம். அன்று காலையும் வாசலில் அப்படித்தான் பிடித்து வைத்தேன்.

"ஏனுங்க, அதை மூடி வைங்க, நம்ம பூனை சுத்துது" என்றாள் மனைவி.

"எல்லாம் எனக்குத் தெரியும், போ" என்றேன்.

ஸ்பேனர் எடுத்துக்கொண்டு திரும்பினால் பூனை அதை நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன், அத்தோடு மறந்தும் போனேன். ஒரு மணி நேரத்தில் அது குடிகாரன் மாதிரி தள்ளாடியது. சரவணம்பட்டியில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எலி மருந்து, வண்டிக் கூலன்ட் ஏதாச்சும் நக்குச்சுங்களாண்ணா?" என்று டாக்டர் கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. சனியன் பிடித்த வீம்பு, விட்டால்தானே!

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்.

மறுநாள் மூத்திரம் நின்றுவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார் டாக்டர். மனிதர்களுக்குச் செய்வதுபோல் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷின், பூனைக்கு இந்தப் பக்கம் இல்லையாம். வெளியூர் கொண்டுபோனால் வழி தாங்காதாம். மிச்சம் ஒரே வழிதான். வயிற்றில் குழாய் வைத்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். மணிக்கொரு தரம். அதுவும் ஒரு டயாலிசிஸ்தானாம்; சரி, செய்யுங்கள் என்றோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "கண்ணு, கண்ணு" என்று பேசிக்கொண்டே அவள் மூன்று நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாளும் ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் முன்னாலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

"முதல் நாளே சொல்லியிருந்தா விஷத்துக்கு மாத்து மருந்து குடுத்துப் பாத்திருக்கலாங்களேண்ணா" என்றார் அவர்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "இனி அதை வதைக்க வேண்டாங்க, ஊசி போட்டுருங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். பூனையைத் துண்டோடு எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்களே புடிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். என் கை பட்டதும் அது தலையை என் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டது. அதற்கு என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.