மூட்டைக்காகப் போட்ட பட்டை

"1964, தை மாதம், வெள்ளிக்கிழமை. செஞ்சியிலிருந்து புதுச்சேரி. பின்பக்கம் வலது: பள்ளத்தில் இறங்கும்போது டொக். இரண்டு பக்கமும் கிறீச். திண்டிவனம் தாண்டியதும் அக்கா அழுதாள்."

என் பாக்கெட் டைரியில் பென்சிலால் எழுதியது. கடைசி வாக்கியத்தை மட்டும் எழுத்து காகிதத்தில் பதியும்படி அழுத்தி எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும்போது அன்றைய கோபம் கொஞ்சமும் குறையாமல் திரும்பி வருகிறது.

அக்கா கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் விரிசல், இடது கால் சரியாக விளங்கவில்லை. மாதம் இரண்டு முறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும், சிகிச்சையை நடுவில் விட்டால் இடது கால் பழையபடி ஆகாது, பஸ்ஸில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்குக் கடலை வியாபாரம். அதற்காக அப்பா, எங்கள் நைனா, வாங்கிப் போட்டிருந்த பழைய சீமைக் கார் ஒன்று வீட்டில் இருந்தது. எனவே கார் இருக்கிறது, கவலையில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், அதில் ஏறிப் போகிறவளைத் தவிர.

காரை ஓட்டியது அண்ணன். அவருக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லைதான். ஆனால் அவர் காரணம் வேறு. பஜாரில் கார் போனால் மண்டி வாசலில் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னா நயினாரே, வண்டி பசிக்கு அழுவுதா? கொஞ்சம் புண்ணாக்கு வைக்கிறதுதான?"

அவமானம் தாங்காமல் அண்ணன் ஒவ்வொரு வாரமும் காருக்கு அடியில் எண்ணெய் ஊற்றுவார். கிரீஸ் இல்லை, கடலை எண்ணெய். கிரீஸில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டதால், ஜைன வீட்டுக் கார் அதைத் தொடக்கூடாது என்று நைனா தீர்மானித்திருந்தார். ஆக்சிலுக்கு மேலே வில் போல அடுக்கிக் கட்டியிருக்கும் எஃகுப் பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் இறங்கும். இரண்டு நாள் கிறீச் அடங்கும். அதே எண்ணெய் பட்டைகளின் முனையில் இருந்த ரப்பர் புஷ்களில் ஊறி, அவற்றைக் களி போலாக்கியது. புஷ் போனதும் இரும்பும் இரும்பும் மோதின. ஒரு சத்தத்தை அடக்கப் போய் இன்னொன்றை நாங்களே உண்டாக்கினோம். பார்த்தறியாத ஒரு மாட்டுக்காக இவ்வளவு இரக்கம் காட்டிய வீட்டில், பின் சீட்டில் இருந்த முதுகெலும்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை ஓரமாகத் திருவண்ணாமலை ரோட்டில் போனோம். அண்ணன் ஸ்டியரிங்கில், நான் பின்னால், மெக்கானிக் முன்சீட்டில். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷெட் வைத்திருந்தவர். எந்த நோய்க்கும் ஷாக்கப்சரை மாற்றச் சொல்பவர். ஸ்குரு டிரைவரின் முனையைக் கார்த் தரையில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஷாக்கு போச்சு," என்றார்.

"போன மாசம்தானப்பா மாத்துன?" என்று அண்ணன் கேட்டார்.

"மாத்துனதும் போச்சு."

திரும்பி வந்ததும் அக்கா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "என்னைக் கூப்புடாம எதக் கண்டுபிடிச்சீங்க?"

"நீ இன்னா மெக்கானிக்கா?" என்று அண்ணன் சிரித்தார்.

"அதுல ஒக்காந்து வரவ நானு. கிறீச்சுனு கத்துறது எனக்கு வலிக்கல. டொக்குங்கறதும் வலிக்கல. சத்தமே இல்லாம கீழருந்து தூக்கிப் போடுது பாரு, அதான் உசுரு போவுது. அவலூர்பேட்டைக்கு ஏத்த வேண்டிய மூட்டைங்களை டிக்கில வெச்சிக்கினே ஒரு தபா என்னைக் கூட்டிம்போனியே, அன்னிக்கு மட்டும் தூக்கிப் போடல."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. நோயாளியோடு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனதற்காக நான் அண்ணனோடு சண்டை போட்ட நாள். அவள் சொன்னதைக் கேட்டதும் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இரு பக்கமும் பட்டை அடுக்கில் மற்றவற்றைவிடத் தடிமனான ஒன்று, வேறு நிறத்தில் துருவேறி இருந்தது. காரோடு வந்ததில்லை. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் இறங்கக் கூடாது என்று எப்போதோ லாரிப் பட்டையை வெட்டிச் சொருகியிருக்கிறார்கள். மூட்டை இருந்தால் வில் வளையும். அக்காவின் எடைக்கு அது வளைய மறுத்தது. ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் அப்படியே அவள் முதுகுக்கு ஏறியது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதான? இனிமே ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் நாலு மூட்டை ஏத்திக்கிறேன். திண்டிவனத்துல எறக்கிடலாம். ரெண்டு வேலையும் ஆச்சு."

"திண்டிவனத்துக்கு அப்புறம் அவ முதுகு யாருதுண்ணே? பட்டையைக் கழட்டு."

"கழட்டினா சந்தைக்கு எதுல ஏத்துறது? உன் டைரிலயா?"

நைனா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் வெளியூர் போயிருந்த நாளில் காரை ஷெட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பட்டைகளைக் கழற்ற வைத்தேன். புது புஷ்கள் போட்டோம். ஷாக்கப்சரையும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் அப்போதும் சொன்னார். அண்ணன் ஊர் திரும்பியதும், இனி எண்ணெய் ஊற்றக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறை.

அடுத்த பயணத்தில் கிறீச் சத்தம் இருந்தது; பஜாரில் சிரித்தார்கள். அக்கா தைலாபுரம் வரை தூங்கினாள். திரும்பும்போது, இருட்டினால் ஜைனர்கள் சாப்பிடக்கூடாது, பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும் என்று அண்ணன் வழக்கம்போல விரட்டினார். "நான் இன்னிக்குப் பட்டினியாவே படுத்துக்கிறேன், மெதுவா போண்ணா," என்றாள். அவர் மெதுவாகப் போனார் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும். எங்களுக்காகக் காத்திருந்ததில் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. யாரும் செத்துவிடவும் இல்லை. இப்படியே நான்கைந்து முறை போய் வந்தோம். இடது கால் விரல்கள் அசையத் தொடங்கின. டாக்டர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சித்திரையில் கிணற்றுப் பாசனக் கடலை அறுவடை. மண்டியில் இடமில்லாமல் மூட்டைகள் வாசல் வரை வந்தன. அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அக்காவைத் தாங்கிப் பிடித்துப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். கார் தெருமுனைச் சாக்கடைப் பாலத்தில் ஏறி இறங்கியது. ஒரே ஒரு முறை.

"நிறுத்து," என்றாள்.

அண்ணன் நிறுத்தினார். நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரு பக்கமும் அந்தத் தடித்த பட்டைகள் திரும்பி வந்திருந்தன. அக்கா தானே கதவைத் திறந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பின்னாலேயே போய், இன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"கழட்டு. மறுபடி மாட்டுவாங்க. வண்டி மேல எனக்குக் கோவம் இல்லடா. வாயத் தொறந்து சொல்லியும் கேக்காத எடத்துல நான் எதுக்கு ஏறணும்?"

அன்றே கழற்றினேன். அவள் ஏறவில்லை. அடுத்த மாதமும் ஏறவில்லை. அழைத்தேன், கெஞ்சினேன், ஒரு நாள் கத்தினேன். இடது கால் தேறி வந்தது அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் மீதி வாழ்நாள் முழுவதும் நடந்தாள்.

பட்டையை மாட்டியது தானில்லை என்று அண்ணன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஒங்க வீட்டு ஆளு வந்து சொன்னாரு, மாட்டினேன். எனக்கு இன்னா தெரியும்?" என்றார். எந்த ஆள் என்றால், அறுவடை நேரத்தில் ஆயிரம் பேர் வந்து போனார்கள், நினைவில்லை என்றார். மண்டி ஆட்கள் எவரும் காரைத் தொட்டதில்லை. அன்று எங்கள் வீட்டில் இருந்த வயதுவந்த ஆண்கள் மூன்று பேர். நான் சொல்லவில்லை. நைனாவிடம் கேட்டபோது, மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பவே இல்லை. இப்போது கேட்பதற்கு இருவருமே இல்லை. சொன்னது நைனாவா அண்ணனா என்பதை இதை எழுதும் இன்று வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.